டிராம் தண்டவாளமும் ஜெயந்தியின் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கும்

1. மூன்றாவது தடவை

அந்த மழைக்காலத்தில் மூன்றாவது தடவையாக ஜெயந்தி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள். முழங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கிளட்ச் லிவர் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தது. இடது இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. அழுதுகொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கொதித்துக்கொண்டிருந்தாள்.

“மணி-தா, மறுபடியும் அதே கரியாஹாட் முக்கு. ட்ராம் லைன்ல பின்னாடி வீல் எகிறிப் போகுது. நான் ஒழுங்காத்தான் கிராஸ் பண்றேன். பிரேக்கத் தொடவே இல்ல. நீங்களாவது நம்புங்க.”

வங்காளத்தில் ‘தா’, ‘தாதா’ என்றால் அண்ணன்; அங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அண்ணன் முருகேசன் பின்னாலேயே வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஊரோடு போய்விட்டதால், அண்ணனும் தங்கையும் கல்கத்தாவில் டாக்குரியா பகுதியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். ஜெயந்திக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை. பஸ் மாறி மாறிப் போய் நொந்துபோனவள், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள். வண்டியின் பதிவு மட்டும் அண்ணன் பெயரில் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

“மணி அண்ணாச்சி, கேட்டுக்கிடுங்க,” என்றார் முருகேசன். “இதுதான் கடைசி. சரி பண்ணிக் குடுங்க. இன்னொரு தடவ இவ விழுந்தான்னா அன்னைக்கே வண்டிய வித்துருவேன். வாங்குததுக்கு ஆளு கூட ரெடியா இருக்கு.”

“வித்துப் பாரு, அப்ப தெரியும்,” என்றாள் ஜெயந்தி.

“வாயப் பாரு. நாளைக்கு ஒரு லாரி பின்னால வந்துதுன்னா அம்மைக்கு யாருட்டி பதில் சொல்லுதது?”

அவர் பயமும் பொய்யில்லை. கார்டன் ரீச் போகும் வழியில் கண்டெய்னர் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். அப்பா கப்பல் கட்டும் யார்டில் வெல்டராக இருந்தார். எனக்கு இரும்பு பிடித்தது, கப்பல் பிடிக்கவில்லை. அதனால் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்பேனரைப் பிடித்து, அங்கேயே ஹெட் மெக்கானிக்காகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். நான் சொல்லும் சமயம் 2004 வாக்கில் வந்த ஒரு மழைக்காலம். இதற்கு முன்னால் ஜெயந்தி விழுந்த இரண்டு தடவையும் அந்த வண்டி எங்கள் கையால்தான் சரியாகிப் போனது. மூன்றாவது தடவையும் வந்து நிற்கிறது என்றால் எனக்கு அது அவமானம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ஜெயந்திக்கு வந்ததைவிட ஒரு பிடி கூடவே இருக்கும்.

2. முதலாளியின் ஒரு ரவுண்டு

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹல்தார்-தா என்போம். கார்புரேட்டரைக் காதாலேயே ட்யூன் பண்ணுகிற மனிதர். அவர் பேசியது வங்காளம். நான் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். அவர் வாயில் மணி ‘மோனி’ ஆகிவிடும். அவருக்கு ரசகுல்லா மேல் உள்ள பிரியம் ஊரறிந்தது. எடை நூறு கிலோவைத் தாண்டிப் பல வருஷமாகியிருந்தது. அதைப் பற்றி ஒர்க்‌ஷாப்பில் யாரும் வாய் திறப்பதில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டி வேலை முடிந்தாலும், சாவியைக் கஸ்டமரிடம் கொடுப்பதற்கு முன் தானே ஏறி உட்கார்ந்து டாக்குரியா ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு வருவார். திரும்பி வந்து, “கவலப்படாம எடுத்துட்டுப் போங்க,” என்று சாவியைக் கையில் வைப்பார். எங்கள் கடைக்கு இருந்த நல்ல பெயரே இதனால்தான். சில கஸ்டமர்கள், “தாதா ரவுண்டு போயிட்டு வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியையே தொடுவார்கள்.

அந்த ரவுண்டில் வண்டி எங்காவது ‘டம்’ என்று அடித்தால் மிஸ்திரிக்கு, அதாவது வேலை பார்த்த மெக்கானிக்குக்கு, விழும் வசவு இருக்கிறதே, தெருக்கோடி வரை கேட்கும். “கல்கத்தா ரோடு இது. கெட்டியா கட்டுங்கடா,” என்பார். அதனால் நாங்கள் எல்லோரும் எந்த வண்டி வந்தாலும் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கடைசிப் படி வரை இறுக்கிவிடுவோம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் திறந்தால், ஸ்பிரிங்குக்கு மேலே வாஷரை அடுக்கி அதையும் கெட்டியாக்கிவிடுவோம். இதெல்லாம் யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்யும்.

ஜெயந்தியின் வண்டியை நிமிர்த்தி லிவரை மாற்றியதும், ஹல்தார்-தா வழக்கம்போல ரவுண்டு போனார். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

“வண்டி ராஜா மாதிரி போகுது மோனி. தண்டவாளத்த ரெண்டு தடவ தாண்டிப் பாத்தேன். ஆடல, அசையல.” பிறகு என்னை ஓரமாக இழுத்து, “வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டற ஆள்தான் பிரச்சனை. ஸ்போர்ட்ஸ் பைக் பொண்ணுங்களுக்குச் சரிப்படாது. அண்ணன்கிட்ட சொல்லு, ஸ்கூட்டர் வாங்கிக் குடுக்கட்டும்,” என்றார்.

அவர் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஜெயந்தி காதிலும் விழுந்தது. சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பினாள்.

3. வேகத்தடை

எங்கள் சந்தின் முனையில் ஒரு வேகத்தடை உண்டு. தெருக்காரர்களே சிமெண்டைக் கொட்டிப் போட்டது, அதற்கு அளவும் கிடையாது, அழகும் கிடையாது. கொஞ்ச நேரம் முன்னால் ஹல்தார்-தா அதே வண்டியில் அதைத் தாண்டி வந்ததை நான் பார்த்திருந்தேன். பல்லக்கில் வருகிறவர் போல வந்தார்.

இப்போது ஜெயந்தி தாண்டினாள். முன் சக்கரம் ஏறியதும் ஹேண்டில் ஒரு உதறு உதறியது. பின் சக்கரம் ஏறியபோது அவள் சீட்டைவிட்டு எழும்பியே போனாள். சக்கரமும் தரையைவிட்டு எழும்பியது. எழும்பியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் டயருக்கும் ரோட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது.

அதே வண்டி. அதே தடை. வேகத்திலும் பெரிய வித்தியாசமில்லை. மாறியது மேலே உட்கார்ந்த ஆள் மட்டும்.

எனக்கு மண்டையில் அடித்தது மாதிரி இருந்தது. தெருவில் ஓடி, “ஜெயந்தி! நில்லுங்க!” என்று கத்தினேன். அவள் நின்று, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, “என்ன மணி-தா, ஸ்கூட்டர் வாங்கச் சொல்லப் போறீங்களா?” என்றாள்.

“இல்ல. வண்டியத் திருப்புங்க. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை.”

அவள் முகத்தில் அப்போது வந்த மலர்ச்சியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. மூன்று தடவை விழுந்தும், ஒருத்தர்கூட அவள் சொன்னதை நம்பவில்லை என்பதுதான் அவளுக்கு முழங்கைக் காயத்தைவிட வலித்திருக்கிறது.

4. கேபிள் டை

ஹல்தார்-தாவிடம் நேராகப் போய், “உங்க எடைதான் காரணம்,” என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? சொல்லாமல் காட்ட வேண்டும்.

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை லேசாகச் சுற்றிக் கட்டி, அடியில் ரப்பர் சீல் வரை இறக்கி வைத்தேன். முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் சீல் அதை மேலே தள்ளிவிடும். ஆள் இறங்கினாலும் டை அங்கேயே நிற்கும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து நானே பிடித்துக்கொண்டேன்.

“தாதா, ஒரு நிமிஷம் ஏறி உக்காருங்க.”

உட்கார்ந்தார். இறங்கினார். டை மூன்று விரல் அளவு மேலே போயிருந்தது. அதைத் திரும்ப இறக்கிவிட்டு, ஜெயந்தியை ஏறச் சொன்னேன். அவள் ஏறி உட்கார்ந்து, நான் சொன்னபடி இரண்டு குதி குதித்தும் பார்த்தாள். டை அரை விரல்கூட நகரவில்லை.

“இவங்களுக்கு இந்த வண்டியில ஷாக்கே கிடையாது தாதா,” என்றேன். “ஸ்பிரிங் அமுங்கினாத்தான் விரியும். விரிஞ்சாத்தான் சக்கரம் பள்ளத்துக்குள்ள எறங்கி ரோட்டப் புடிக்கும். இவங்க உக்காந்தா ஸ்பிரிங் அமுங்கறதே இல்ல. தண்டவாளத்துல பட்டதும் சக்கரம் பந்து மாதிரி எகிறுது. அதுவும் மழையில, சாஞ்சு திரும்பும்போது. யாரு ஓட்டினாலும் விழுவாங்க.”

ஹல்தார்-தா டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்தது.

“அப்போ நான் குண்டுன்னு சொல்ற.”

“இல்ல தாதா. உங்களுக்குன்னா இந்த வண்டி பிரமாதம்னு சொல்றேன்.”

வேலை செய்துகொண்டிருந்த மிஸ்திரிகள் எல்லோரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள். முதுகுகள் மட்டும் குலுங்கின.

“இத்தன வருஷமா என் கைப்பட்டுத்தான் இந்தக் கடையில வண்டி வெளிய போகுது!” என்று அவர் இரைந்தார். “சரி. உன் இஷ்டத்துக்குப் பண்ணு. இதுக்கு நான் ரவுண்டு போக மாட்டேன். சாவிய நீ குடு. அந்தப் பொண்ணு விழுந்தா, மோனி குடுத்த வண்டின்னு ஊரெல்லாம் நானே சொல்லுவேன்.”

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அவர் ரவுண்டு போகாமல் வெளியே போகிற முதல் வண்டி அது. விழுந்தால் ஜெயந்திக்கு வண்டி போகும், எனக்குப் பெயர் போகும். முருகேசன் வேறு, “ஞாயித்துக்கெழம கரியாஹாட் முக்குல நானே நின்னு பாக்கேன்,” என்று சொல்லிவிட்டார்.

5. டிபன் பாக்ஸோடு வாருங்கள்

ஜெயந்தியிடம், “நாளைக்கு ஆபீசுக்குப் போற மாதிரியே வாங்க. ஹெல்மெட், ரெயின்கோட், தோள் பை, டிபன் பாக்ஸ், எல்லாத்தோடயும்,” என்று சொல்லியிருந்தேன். மறுநாள் அப்படியே வந்து ஏறி உட்கார்ந்தாள். மிஸ்திரிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வண்டி சுமக்கப் போவது அந்த எடையைத்தான்.

முதலில் பின் ஷாக். ஸ்பிரிங்கை இறுக்கும் காலர் வளையத்தைக் கடைசிப் படியிலிருந்து தளர்த்தி, இரண்டாவது படியில் வைத்தேன். பிறகு ஃபோர்க்கைத் திறந்து, எங்கள் கடை சார்பில் உள்ளே போட்டிருந்த வாஷர்களை எல்லாம் எடுத்து வெளியே எறிந்தேன். பழைய எண்ணெய் சேறாக வந்தது. புது எண்ணெய் ஊற்றினேன். ஸ்பிரிங் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அவள் உட்கார்ந்தாலே அமுங்க வேண்டும். அவள் ஏறுவதும் இறங்குவதும், நான் டையைப் பார்ப்பதும் அளப்பதுமாக ஒரு மத்தியானம் முழுக்க ஓடியது. முன்னும் பின்னும் ஒரே சீராக இறங்கின. ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் வண்டி திரும்புகிற குணமே மாறிவிடும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டயர். இதற்கு முன் வைத்திருந்த ஆள் ஒரு ஷோக்குப் பேர்வழி. பார்வைக்குப் பெரிதாக இருக்க வேண்டுமென்று, ரிம்முக்குப் பொருந்தாத அகலமான டயரைப் பின்னால் திணித்திருந்தான். குறுகின ரிம்மில் அது நடுவில் கூம்பி நின்றது. சாய்ந்தால் ஓர் இடத்தில் சட்டென்று விழுந்தது. அதைக் கழற்றிவிட்டு, சரியான அளவில் புது டயர் போட்டேன். பின் சக்கரம் முன் சக்கரத்தோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் நூல் பிடித்துச் செயினைச் சரிசெய்தேன். ஹேண்டில் சுழலுகிற கோன் செட்டைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, ஹேண்டில் தானாக விழுகிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன்.

முன் டயரில் காற்றை அளந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு இவ்வளவு அடிச்சது?”

“அண்ணாதான். சண்டே சண்டே அவனே அடிச்சுக் குடுப்பான். டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் சேஃப்டியாம்,” என்றாள் ஜெயந்தி.

தங்கை விழக்கூடாது என்று வாராவாரம் மெனக்கெட்டு, அவளை விழவைக்கிற காரியத்தை அண்ணனே பாசமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். பாதிக் காற்றைத் திறந்துவிட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

இதுவரை செய்தது ரோட்டைப் பிடிப்பதற்கு. இனி உடம்புக்கு. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது, சிக்னலில் நின்றால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடுகிறது என்றாள். பழைய ஆள் ஹேண்டிலை ரேஸ் வண்டி மாதிரி ஃபோர்க்கின் மேல் பிளேட்டுக்குக் கீழே மாட்டியிருந்தான். அதைக் கழற்றி பிளேட்டுக்கு மேலே மாட்டினேன். ஏறியது கொஞ்சம்தான். ஆனால் உடம்பு எடை கையைவிட்டு முதுகுக்கு வந்துவிட்டது. ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி, கிளட்ச் கேபிள் இழுபடவில்லை, ஆக்சிலரேட்டர் தானாக ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அதைப் பார்க்காமல் ஹேண்டிலை ஏற்றுகிறவன் கொலைகாரன். லிவர்களைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன். மணிக்கட்டு மடங்காமல் விரல் நேராகப் போய் உட்கார்ந்தது.

சீட்டைக் குறைப்பதற்கு எல்லோரும் செய்கிற தப்பு, மேலே இருக்கும் ஃபோமைச் சீவுவது. அப்படிச் செய்தால் கால் எட்டும், முதுகு போய்விடும். நான் சீட் தைப்பவரிடம் எடுத்துப்போய் முன்பக்கத்து ஓரங்களை மட்டும் ஒடுக்கச் சொன்னேன். தொடை விரியாமல் கால் நேராக இறங்கியது. ஜெயந்தி உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு பாதமும் பாதிக்கு மேல் தரையில் பதிந்தன.

“மணி-தா,” என்றாள் மெதுவாக. “இது என் வண்டி மாதிரி இருக்கு.”

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. அவள் ஓட்டிய பிறகு ஒரு தடவை பார்க்கலாமென்று கேபிள் டையை மட்டும் வெட்டாமல் அடியில் இறக்கி வைத்துவிட்டு, லேக் மார்க்கெட்டுக்குப் போய் வயிறாரச் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். அப்படியே வீட்டுக்கும் போய்விட்டேன்.

6. ஞாயிற்றுக்கிழமை

காலையில் கடைக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெயந்தி வந்துவிட்டாள். முருகேசன் குடையோடு கரியாஹாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னாள். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

டை குழாயின் உச்சியில் நின்றது.

ஜெயந்தி உட்கார்ந்தால் அது அங்கே போகாது. நான் உட்கார்ந்தாலும் போகாது. அதை அவ்வளவு உயரம் தள்ளக்கூடிய ஆள் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர்தான். குனிந்து பின் ஷாக்கைப் பார்த்தேன். காலர் மறுபடியும் கடைசிப் படியில் இருந்தது.

ஹல்தார்-தா மண் கப்பில் டீ குடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாதா, நேத்து இத யாரு ஓட்டினது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“டை சொல்லுது.”

அவர் கப்பைக் கீழே வைத்தார். “ஓட்டிப் பாக்காம ஒரு வண்டிய எப்படி வெளிய அனுப்பறது மோனி? மனசு கேக்கல. ஏரிக்கரையில ஒரு பள்ளம். ‘டம்’னு அடிச்சுது பாரு, என் முதுகெலும்பே கலங்கிப் போச்சு. அந்தப் பொண்ணு பாவம், முதுகு ஒடஞ்சிடும்னு நான்தான் இறுக்கி வெச்சேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்ந்துவிட்டது. “அந்தப் பள்ளத்துல அடி வாங்கினது நீங்க! அந்தப் பொண்ணு இல்ல! உங்க ரசகுல்லாவுக்கெல்லாம் சேத்தா அந்தப் பொண்ணுக்கு ஸ்பிரிங் வெப்பேன்?”

ஜெயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹல்தார்-தாவின் மூக்கு விடைத்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்காமல் ஸ்பேனரை எடுத்து, காலரைத் திரும்ப இரண்டாவது படிக்கு இறக்கினேன். ஜெயந்தியை டிபன் பாக்ஸோடு உட்காரவைத்து மறுபடி அளந்தேன். அளவு சரியாக இருந்தது. சாவியை அவள் கையில் நான் வைத்தேன்.

“கவலப்படாம எடுத்துட்டுப் போங்க,” என்றேன்.

“நானும் வர்றேன்,” என்றார் ஹல்தார்-தா. “விழுந்தா தூக்க ஆள் வேணாமா?” என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறினார். என் ஸ்கூட்டர் முனகியது.

7. கரியாஹாட்

ராஸ்பிஹாரி அவென்யூவிலிருந்து டாக்குரியா பக்கம் வலதுபுறம் திரும்புகிறவர்கள் டிராம் தண்டவாளங்களைச் சாய்வாகத் தாண்ட வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிக் கல் சில இடத்தில் இறங்கியும் சில இடத்தில் ஏறியும் இருக்கும். மழையில் இரும்பு எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். ஆபீஸ் விட்டு வரும்போது ஜெயந்தி மூன்று தடவையும் விழுந்த இடம் இதுதான்.

புடவைக் கடை ஒன்றின் முன்னால் முருகேசன் குடை பிடித்து நின்றிருந்தார். நாங்களும் போய்ப் பக்கத்தில் நின்றோம். மழை வலுத்தது. ஒரு டிராம் மணி அடித்துக்கொண்டு கடந்து போனது. அதற்குப் பின்னால், சிக்னலில், அந்த வண்டியின் கூர்மூக்கு தெரிந்தது.

பச்சை விழுந்தது. முருகேசன், “முருகா,” என்றார்.

ஜெயந்தி வந்தாள். நடுவில் கொஞ்சம் அகட்டி எடுத்து, தண்டவாளத்துக்கு முடிந்த மட்டும் குறுக்காக வண்டியைத் திருப்பி, கையையும் காலையும் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டாள். முருகேசன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். நானும் ஹல்தார்-தாவும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் கண்ணும் பின் சக்கரத்தின் மேல்தான் இருந்தன. முதல் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. இரண்டாவது. அப்புறம் அடுத்த ஜோடி. சக்கரம் மேலும் கீழும் வேலை செய்தது. அவள் உடம்பு அசையவில்லை. சேற்றுத் தண்ணீரைச் சீறிக்கொண்டு வண்டி எங்களைக் கடந்து போனது.

ஹல்தார்-தா என் தோளை இறுகப் பிடித்தார்.

“சக்கரம் தரைய விடவே இல்ல மோனி,” என்றார். “விடவே இல்ல.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மழையென்பதால் யாருக்கும் தெரியவில்லை.

ஜெயந்தி போனவள் போகவில்லை. கோல்பார்க் வரை போய்த் திரும்பி, சுற்றிக்கொண்டு மறுபடி வந்தாள். இந்தத் தடவை வேகம் கொஞ்சம் கூட. மறுபடியும் வந்தாள். அதற்குள் நடைபாதைக் கடைக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “தீதி, இன்னொரு தடவ!” என்று அவளை அக்காவாக்கிக் கை தட்டினார்கள். அவள் போய் இன்னொரு தடவையும் வந்தாள். ஹல்தார்-தா நடைபாதையில் நின்று, தன் டீம் கோல் போட்டதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “ஷாபாஷ்! ஷாபாஷ்!” என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. திட்டித்தான் கேட்டிருக்கிறேன்.

முருகேசன் குடையை மடக்கினார். முழுக்க நனைந்துகொண்டே, “அண்ணாச்சி, வண்டிய அவ பேருக்கே மாத்திருதேன்,” என்றார்.

8. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை காலையில் ஒரு மீன் வியாபாரி தன் ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். ஹல்தார்-தா அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினார். “எங்க ஓடறீங்க? ஏறி உக்காருங்க. மீன் கூடை எங்க? அதையும் கொண்டாங்க. ஐஸோட!” என்றார். அந்த ஆள் மிரண்டுபோனார். அன்றிலிருந்து எங்கள் கடையில் கஸ்டமர் ஏறி உட்காராமல் எந்த வண்டியின் ஸ்பிரிங்கையும் நாங்கள் தொட்டதில்லை. பால்காரர் கேனோடு உட்கார்ந்தார். ஒரு வாத்தியார் தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் உட்கார்ந்தார். கடையின் பெயர் இன்னும் பெருகியது. ஹல்தார்-தா ஏரி ரவுண்டை நிறுத்தவில்லை. ஆனால் கஸ்டமரையே ஓட்டச் சொல்லி, தான் வேறு வண்டியில் பின்னால் போய்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்காதே; யாருக்கு ஓடுகிறது என்று கேள். ஓட்டுகிறவர் ஒரு குறை சொன்னால், அவர் ஓட்டத் தெரியாதவர் என்ற முடிவுக்கு வருவதற்கு முன், அவரை உட்காரவைத்து அள. நமக்குச் சுகமாக இருக்கிறதென்றால் அது நமக்குச் சுகம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரியாஹாட்டிலிருந்து எல்லோரும் கடைக்குத் திரும்பி, ஹல்தார்-தா வாங்கிக் கொடுத்த இனிப்பைச் சாப்பிட்டு முடித்திருந்தோம். முருகேசன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டைத் தடவினார். ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். மூஞ்சியில் ஆசை வழிந்தது.

“ஏட்டி,” என்றார். “நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா?”

ஜெயந்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அண்ணனை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை நிதானமாக அளந்தாள்.

“இது என் எடைக்கு செட் பண்ண வண்டி. நீ ரிக்‌ஷாவுல வா.”

கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். முருகேசன் சிரித்துக்கொண்டே கை தட்டி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்.